கத்திரி வீட்டுக்கு லைன் வந்த கதை

சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்து, மோவாய்க்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினால் அது அவள் பெயர். கத்திரி. காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் எழுத்துக்கூட்டி அழைப்பதில்லை. ஆளைப் பார்த்ததும் கண்ணில் படுவது எதுவோ அதையே சைகையாக்கிப் பெயராக வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு அழுதாலும் மாறாது. அவள் கணவனுக்குப் பெயர் புருவம். சந்தேகம் வந்தால் இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். அவனுடைய தங்கைக்குப் பெயர் கிளி. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும், வாய்தான் நிற்காது. வாயருகே விரல்களைக் குவித்துத் திறந்து குவித்துத் திறந்து காட்டினால் அது அவள். அண்ணன் வைத்த பெயர். அதற்காக அவள் இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

இங்கே கத்திரியும் புருவமும் மாணவிகளும், அவர்களிடம் கிளியும் பேசியதாக வருவதெல்லாம் கையால் பேசியது. கையால் பேசினாலும் கேலி கேலிதான், சண்டை சண்டைதான்.

கத்திரிக்குத் தையல் தொழில். சட்டை வெட்டுவதில் கைதேர்ந்தவள். சிறுவயதில் ஒரு தையல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே டீச்சர் துணிமேல் குனிந்தபடியே பாடம் சொல்வார். குனிந்த முகத்தில் உதடு தெரியாது. மற்றவர்கள் தலையாட்டும்போது இவளும் ஆட்டிவைத்தாள். பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, எது எதற்கு அடியில் போயிருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி தைத்தாள். அப்பாவின் சட்டைகள் எல்லாம் ஒரு சுற்று பிரிந்து சேர்ந்து முடிந்தபோது அவளுக்குத் தொழில் வந்திருந்தது. ஒரு சட்டையில் மட்டும் இடது கை வலது பக்கம் போய்விட்டது. அப்பா அதையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

இப்போது அவள் வகுப்பு எடுக்கிறாள். தன்னைப் போலவே காது கேளாத பெண்களுக்கு, வீடியோவில், சனிக்கிழமைதோறும். வகுப்பில் ஒரே ஒரு விதி உண்டு: கத்திரிக்கோல் கையில் இருக்கும்போது பேச்சு கிடையாது. வெட்டுகிற கையேதான் பேசவும் வேண்டும். அவள் வெட்டுவாள், கத்திரிக்கோலை மேசையில் வைப்பாள், நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சொல்வாள், மறுபடி எடுப்பாள். மாணவிகளும் அவரவர் வீட்டில் அப்படியே. பாடம் மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒருத்தியும் எதையும் தவறவிட மாட்டாள்.

உடம்பு, கை, பாக்கெட், பட்டன் பட்டி எல்லாம் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது காலர். அடுத்த வாரம் மாணவிகளுக்குத் தையல் தேர்வு. ஒரு சட்டையை முழுதாக வெட்டித் தைத்துப் பரீட்சைக்காரர் முன்னால் மாட்டிக்காட்ட வேண்டும். காலர் இல்லாத சட்டையைச் சட்டை என்று எந்தப் பரீட்சைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் வீடு மாறினார்கள்.

அதுவரை கிளியோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். வகுப்பு நடந்தது சாப்பாட்டு மேசையில். பாடம் நடக்கும்போது பின்னால் கிளி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து வருவாள். மாணவிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் கையசைத்து அவளுக்கு வணக்கம் சொல்வார்கள். அவளும் நின்று ஆளுக்கொரு நலம் விசாரிப்பாள். அத்தோடு பாடம் போயிற்று. கத்திரிக்குத் தனியாக ஒரு அறை வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற அறை, மேசையை எடுக்காமல் வைத்திருக்கிற அறை. இரண்டாம் மாடியில் அப்படி ஒன்று கிடைத்தது. கிளி முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"போங்க அண்ணி, போங்க. நான் யாரு உங்களுக்கு? போன் பேச ஆள் வேணும்னாதான் கிளி."

அது ஓரளவு உண்மை. அந்தக் குடும்பத்தில் போன் பேசுவது என்பது கிளி பேசுவது. கேஸ்காரர், பேங்க், டாக்டர், எல்லாரிடமும் அவளே கத்திரியாகவும் புருவமாகவும் பேசுவாள். சில சமயம் அவர்கள் சொல்லாததையும் சேர்த்துப் பேசுவாள். அவள் ஒரு அழகு நிலையம் நடத்துகிறாள். பேச்சு அங்கே தொழிலோடு சேர்ந்தது.

"நெட் லைனுக்கு நானே சொல்லிடறேன்" என்றாள் கிளி, பெட்டி கட்டும்போது. "அதையாவது விடுங்க எனக்கு."

கத்திரி விட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

புது வீட்டுக்குப் போன அன்றே தெரிந்துவிட்டது, அங்கே போன் சிக்னல் நிற்காது என்று. பழைய காலத்துக் கட்டிடம், சுவர்கள் ஒரு முழம் தடிப்பு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் நின்றால் மட்டும் கொஞ்சம் வரும். அங்கே நின்று சோதனைக்காக ஒரு மாணவியை அழைத்தாள். அவள் பெயர் மச்சம். கன்னத்தில் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தால் அவள். ஏற்கெனவே இரண்டு தையல் பள்ளியில் சேர்ந்து, பாடம் புரியாமல் பாதியில் நின்றவள்.

படம் வந்தது, நின்றது, வந்தது. கத்திரியின் கை மேலே போகும்போது மச்சத்துக்குத் தெரியும், கீழே வரும்போது தெரியாது. உறைந்த கையைப் பார்த்துக்கொண்டு மச்சம் காத்திருந்தாள். பிறகு படம் குதித்து இரண்டு வாக்கியம் தள்ளிப் போய் நின்றது.

"நீங்க பொம்மை மாதிரி ஆயிட்டீங்க" என்றாள் மச்சம். "முதல் பள்ளிக்கூடத்துல டீச்சர் குனிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டாவதுல திரும்பிக்கிட்டாங்க. இப்ப நீங்க உறைஞ்சு போறீங்க. எனக்குக் காலர் வராது போலிருக்கு."

"சனிக்கிழமை" என்றாள் கத்திரி. "காலர்." கையை மார்பில் வைத்துச் சொன்னாள். அது மட்டும் உறையாமல் போய்ச் சேர்ந்தது.

கீழே இறங்கி வந்து புருவத்திடம் சொன்னாள்: "சனிக்கிழமைக்குள்ள லைன் வரணும். வராட்டா நான் போய்க் கம்பத்துல ஏறுவேன்."

புருவத்தின் புருவம் ஏறியது. "ஏறு. நான் கீழ நின்னு போட்டோ எடுக்கறேன்."

லைன்மேன் வருவதாகச் சொன்ன நாள் செவ்வாய். புருவம் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். கத்திரி பின்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டு, செய்தி மட்டுமாவது வந்து விழும் என்று போனைக் கண்ணெதிரே ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துக் காத்திருந்தாள். வருகிறவர் செய்தி அனுப்பிவிட்டு வருவார் என்பது ஏற்பாடு. விண்ணப்பத்தில் அதைத் தெளிவாகச் சொல்லச் சொல்லித்தான் கிளியிடம் கொடுத்திருந்தாள்: எனக்குக் காது கேட்காது, செய்தி அனுப்பிவிட்டு வரவும். சாயங்காலம் வரை செய்தி எதுவும் இல்லை. மாடிக்குப் போய் நின்றபோது கிளியிடமிருந்து ஒன்று வந்து விழுந்தது.

"அண்ணி, வீடு பூட்டியிருந்துச்சாம், ஆள் திரும்பிப் போயிட்டானாம். எங்க போனீங்க?"

கத்திரிக்கு ரத்தம் கொதித்தது. எங்கே போவது? ஒரு கப் தேநீருக்குக்கூட அடுப்படிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"வரவே இல்ல. வந்ததா பொய் சொல்றான்" என்று பதில் அடித்தாள்.

புதன்கிழமை மறுபடி வருவதாகத் தகவல். செய்தி வந்து சேராமல் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் இந்தத் தடவை மொட்டை மாடியிலேயே போய் நின்றாள். தொட்டியின் நிழல் நகர நகர அவளும் நகர்ந்தாள். மதியம் முழுக்க நின்றாள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பக்கவாட்டுச் சந்துதான் தெரியும், தெருவாசல் தெரியாது. நின்ற இடத்திலேயே கிளியின் செய்தி வந்தது.

"இன்னிக்கும் பூட்டியிருந்துச்சாம்! அண்ணி, உண்மையைச் சொல்லுங்க, சினிமாவுக்குப் போறீங்களா?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது புருவம் சொன்னான்: "விடு. தங்கச்சி மறுபடி பேசட்டும். அவ பேசினா கல்லுகூட இறங்கி வரும்."

"இறங்கி வந்த கல்லு நம்ம வீட்டு வாசலை மட்டும் கண்டுபிடிக்கல. நாளைக்கு நானே போறேன்."

"அங்க போய்? அவங்களுக்குக் கை தெரியாதே."

"எனக்கு எழுதத் தெரியும்ல."

வியாழக்கிழமை காலை கம்பெனியின் அலுவலகம் திறக்கும்போது கத்திரி கதவோரம் நின்றிருந்தாள். உள்ளே கண்ணாடித் தடுப்பு, வரிசையாக நாற்காலிகள், சுவரில் சிரிக்கிற குடும்பத்தின் படம். கவுண்ட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், தலையில் ஹெட்போன். கத்திரி தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, போனில் தட்டெழுதியதை நீட்டினாள். கவுண்ட்டர் பெண் படித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அது கத்திரிக்குப் பிடித்தது. தன் கணினித் திரையைக் கத்திரி பக்கம் திருப்பி அவளும் தட்டெழுத ஆரம்பித்தாள்.

"எங்க ஆள் ரெண்டு நாளும் வந்திருக்கார் மேடம். கதவுக்கு முன்னால நின்னு போட்டோகூட எடுத்திருக்கார்."

போட்டோவைக் காட்டினாள். கத்திரி வீட்டுக் கதவேதான். மூலையில் அவளே கழற்றி வைத்த செருப்பு.

கத்திரி கொஞ்ச நேரம் அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "எனக்கு ஏன் செய்தி அனுப்பவில்லை?"

"கூப்பிட்டிருக்கார். பேசிக்கூட இருக்கார். நீங்கதான் பெல் அடிங்கன்னு சொன்னதா எழுதியிருக்கு."

"நானா?"

கவுண்ட்டர் பெண் ஒரு எண்ணைத் திரையில் காட்டினாள். கிளியின் எண். அழைப்பை எடுத்துப் பேசக்கூடிய எண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கிளி தன் எண்ணையே கொடுத்திருக்கிறாள். அதற்குக் கீழே லைன்மேன் எழுதியிருந்த குறிப்பு இருந்தது: "வாடிக்கையாளர் வீட்டில்தான் இருப்பார், பெல் அடித்தால் போதும், உடனே தெரிந்துவிடும் என்றார். பலமுறை அடித்தும் திறக்கவில்லை."

கத்திரி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய வீட்டில் பெல் என்றால் விளக்கு. புருவம் குழந்தையாக இருந்தபோதே அவன் அப்பா அந்த வீட்டு பெல்லில் மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, அறைக்கு ஒரு சிவப்பு பல்ப் மாட்டியிருந்தார். வாசலில் விரல் வைத்தால் வீடு முழுக்கச் சிவப்பாக மின்னும். கிளி பிறந்து வளர்ந்தது அந்த வெளிச்சத்தில். காது கேட்கிறவளாக இருந்தும் அவளைப் பொறுத்தவரை பெல் என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. பெல் அடித்தால் அண்ணிக்குத் தெரியாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு எந்த வீட்டில் வளர்ந்தவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

கத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இதை எழுதிக் காட்டினாள். கவுண்ட்டர் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அடுத்து ஆள் அனுப்ப முடிகிற தேதியைத் திரையில் காட்டினாள். தேர்வுக்குப் பிறகு வந்தது அது.

கத்திரியின் முகத்தில் சிரிப்பு போயிற்று. எழுதினாள்:

"அவர் இரண்டு நாளும் என் வாசலில் நின்றிருக்கிறார். நான் இரண்டு நாளும் வீட்டில் இருந்திருக்கிறேன். அவர் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. நாளைக்கு அவரை வரச் சொல்லுங்கள். அதுவரை நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

அவள் முதல் வரிசையில், கவுண்ட்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. பையிலிருந்து பாதி முடிந்த ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் துளை கட்ட ஆரம்பித்தாள். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. வந்தவர்கள் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். கவுண்ட்டர் பெண் அவ்வப்போது பார்த்தாள். ஒரு சட்டையின் துளை எல்லாம் முடிந்து, கத்திரி அடுத்த சட்டையை எடுத்து மடியில் விரித்தபோது, அந்தப் பெண் போனை எடுத்தாள். பேசினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்திரியைக் கையசைத்துக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"லைன்மேன் வரேங்கறார். ஆனா அவர் ஜோடி நாளைக்கு லீவு. தனியா கேபிள் இழுக்க முடியாது. கம்பத்துல ஒருத்தர், வீட்டுல ஒருத்தர் வேணுமாம்."

கத்திரி இரண்டே சொல் எழுதினாள்: "நான் இழுக்கிறேன்."

கிளம்புவதற்கு முன் தொடர்பு எண்ணைத் தன்னுடையதாக மாற்றச் சொன்னாள். கவுண்ட்டர் பெண் தயங்கிக்கொண்டேதான் மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை கத்திரி கதவைத் திறந்துவைத்து, நாற்காலியை மாடிப்படிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். லைன்மேன் ஏறி வந்தார். தோளில் வளையம் வளையமாகக் கறுப்புக் கேபிள், முகத்தில் இரண்டு நாள் கோபம். கத்திரி எழுந்து, பெல்லைக் காட்டி, காதைக் காட்டி, கையை விரித்தாள். அவர் பெல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! பக்கத்து வீட்டுக்காரர் வந்து திட்டற வரைக்கும் அடிச்சேன் அக்கா!"

அவளுக்கு உதடு கொஞ்சம் படிக்கத் தெரியும். மிச்சத்தை அவர் விரல் நடித்துக் காட்டிய விதத்திலேயே புரிந்துகொண்டாள்.

முதல் தகராறு பெட்டியை எங்கே வைப்பது என்பதில். அவர் ஹாலில் வைக்கலாம் என்றார், வாசலுக்குப் பக்கம், சுலபம். அவள் பின்னறையில் வெட்டு மேசைக்கு மேலே சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினாள். அவர் கேபிளைக் காட்டி, சுவரின் தடிப்பைக் காட்டி, தலையை ஆட்டினார். அவள் சாக்பீஸ் கட்டத்துக்கு மேலே இன்னொரு தடவை கோடு போட்டாள், அழுத்தி. அவர் பெருமூச்சு விட்டுத் துளைபோடும் மெஷினை எடுத்தார். அந்தச் சுவர் துளைய மறுத்தது. அவர் துளைத்தார், நின்றார், கையை உதறினார், துளைத்தார். தரையெல்லாம் செங்கல் பொடி. கத்திரி ஒரு பழைய சட்டைத்துணியை நனைத்து அவர் முகத்தில் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள்.

பிறகு கேபிள். அதற்குள்ளே இருப்பது கண்ணாடி நூல், மடங்கினால் போச்சு என்று ஒரு துண்டை எடுத்து மடக்கும் பாவனை செய்து விரலால் 'இல்லை' காட்டினார். கத்திரி தலையாட்டினாள். மடங்கக் கூடாத நூல் அவளுக்குப் புரிகிற சமாச்சாரம்.

அவர் தெருவில் இறங்கி ஏணியைக் கம்பத்தில் சாத்தி ஏறினார். அவள் பின்னறையில் துளையை ஒட்டிய ஜன்னலில் நின்றாள். இடையில் கட்டிடத்தின் பின்பக்கத்துத் தெரு. கீழே லாரி, பஸ், ஒரு கட்டிட வேலையின் கலவை மெஷின். மற்ற நாட்களில் இந்த இடத்தில் அவரும் அவர் ஜோடியும் ஒருவரை ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொள்வார்கள். இன்று அவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டு மூடினார். கையை நீட்டித் தன் பக்கம் வளைத்தார்: இழு. அவள் இழுத்தாள். உள்ளங்கையைக் காட்டினார்: நிறுத்து. நிறுத்தினாள். கேபிள் துளையின் விளிம்பில் மடங்கப் பார்த்தபோது அவள் முதலில் கை காட்டினாள், தளர்த்து என்று. அவர் தளர்த்தினார். அவருக்கு யாரும் அந்தச் சைகையைச் சொல்லித்தரவில்லை. அது அப்படித்தான் இருக்கும், வேறெப்படியும் இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் கேபிள் தெருவைத் தாண்டி, துளை வழியாக வந்து, மேசைமேல் சுருண்டு படுத்தது.

அவர் மேலே வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. "என் ஜோடியைவிட நீங்க பரவால்ல அக்கா. அவன் இழுன்னா விடுவான்."

நுனியைச் சீவி, ஒரு சின்ன மெஷினில் வைத்து இணைத்து, பெட்டியைச் சுவரில் மாட்டினார். கூடவே ஒரு டெலிபோனையும் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளை நிறம், சுருள் வயர். கத்திரி அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். காதைத் தொட்டாள்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "ரெண்டும் சேர்த்துதான் அக்கா தருவாங்க. போன் வேண்டாம்னா நெட்டும் கிடையாது."

அப்போதுதான் கிளி படியேறி வந்தாள். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். முந்தின நாள் மாலை கத்திரி அனுப்பிய செய்தி ஒரே வரி: "இந்த வீட்டு பெல்லில் விளக்கு இல்லை." அதைப் படித்ததிலிருந்து கிளிக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே வந்ததும் அண்ணியின் காலில் விழப்போகிறவள் போல இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணி, நான் மக்கு. நான் வடிகட்டின மக்கு. அந்தச் சிவப்பு பல்ப்தான் அண்ணி என் மண்டைக்குள்ள எரிஞ்சுது. என்னை ரெண்டு அடி அடிங்க."

"கை வேலையா இருக்கு, அப்புறம் அடிக்கறேன்" என்றாள் கத்திரி. கிளி சிரித்துக்கொண்டே அழுதாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. லைன்மேனின் கம்பெனி போனுக்கு மட்டும் அங்கே சிக்னல் கிடைத்தது; அதில் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறியது. கிளி கேட்டுச் சொன்னாள்:

"அண்ணி, லைனைத் திறக்க வாடிக்கையாளர் சம்மதம்னு சொல்லணுமாம். போன்ல, குரல்ல. பதிவு பண்ணுவாங்களாம். எழுதிக் குடுத்தா செல்லாதாம்." அவள் கை அதற்குள் போனுக்கு நீண்டுவிட்டது. "குடுங்க, நான்தான் நீங்கன்னு சொல்லிடறேன். இது என்ன புதுசா? எத்தனை தடவை நான் நீங்களா பேசியிருக்கேன்! பேங்க்காரனுக்கு உங்க குரல்னா அது என் குரல்தான்."

கத்திரி அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"நீ நானா பேசித்தான் அவர் ரெண்டு நாள் கதவுல நின்னார்."

 கத்திரி போனை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்குக் குரல் உண்டு. பள்ளிக்கூடத்தில் கண்ணாடி முன் உட்கார வைத்து, கழுத்தில் கை வைத்து, வரவழைத்த குரல். சொல்லத் தெரிந்த சில சொற்களும் உண்டு. அதைக் கேட்டுத் தெருப்பிள்ளைகள் சிரித்த பிறகு அவள் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பாத்திரம் போல. புருவம்கூட அது இருக்கிறது என்று கழுத்து அதிர்வதைப் பார்த்துத்தான் அறிவான்.

எப்போது பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதே. லைன்மேன் எதிரில் நின்று, அந்தப் பக்கத்துப் பேச்சை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு, உள்ளங்கையைக் காட்டினார்: நிறுத்து. காத்திருந்தாள். அவர் கையை நீட்டித் தன் பக்கம் வளைத்தார். இழு.

கத்திரி "ஆமா" என்றாள்.

அது அறையில் முட்டி, வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பியது. அண்ணி வந்த நாளிலிருந்து கூட இருந்தும் கிளி அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. போனில் அலுவலகத்துப் பெண் கேட்டாள்:

"லைன்ல ஏதோ இரைச்சல் வருது. அது என்ன சத்தம்?"

"அது இரைச்சல் இல்ல மேடம்" என்றார் லைன்மேன். "அதுதான் ஆமா. எழுதிக்கோங்க."

"திரும்ப ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க."

இழு. "ஆமா" என்றாள் கத்திரி, முன்னைவிடப் பெரிதாக. கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து மேலே பார்த்தார்கள். லைன்மேன் கட்டைவிரலை உயர்த்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேரும் பெட்டியையே பார்த்தார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது. பச்சை வந்து, நடுங்கி, நின்றது.

போகும்போது லைன்மேன் படியில் நின்று கேட்டார். கிளி மொழிபெயர்த்தாள்: "உங்களுக்கெல்லாம் கையிலேயே பேர் வைப்பீங்களாமே, எனக்கு ஒண்ணு வைங்கக்கா." கத்திரி யோசிக்கவே இல்லை. முழங்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு விரலை அதன்மேல் ஏறவிட்டாள். ஏணி. அவர் அதைத் தானே செய்து பார்த்துக்கொண்டே இறங்கிப்போனார்.

அன்று மாலை புருவம் வேலையிலிருந்து வரும்போதே ஒரு பல்ப்பும் வயரும் வாங்கி வந்தான். பெல்லைக் கழற்றி, மணியை எடுத்துவிட்டு, பின்னறைக்கு வயர் இழுத்தான். கிளி பழைய வீட்டிலிருந்த சிவப்பு பல்ப் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள். வேண்டாம், இந்த வீட்டுக்கு மஞ்சள் என்றாள் கத்திரி.

சனிக்கிழமை. கட்டங்கட்டமாக முகங்கள் வந்தன. மச்சம் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள், காலர் துண்டுகளை வெட்டி, விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் துணி ஒட்டித் தயாராக. கத்திரி கையை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், வேண்டுமென்றே மறுபடி தூக்கினாள்.

"தெரியுதா?"

"முழுசா தெரியுது" என்றாள் மச்சம். "உங்க நகத்துல செங்கல் பொடிகூடத் தெரியுது."

கத்திரி காலரைக் காட்டினாள். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துத் தைத்தாயிற்று. இனி திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன் மூலையில் தையலை ஒட்டி, தையல் வெட்டுப்படாமல், உபரித் துணியைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் திருப்பினால் நுனி உருண்டு நிற்கும், மூக்கடைத்தவன் மூக்கு மாதிரி. அதிகம் வெட்டினால் நுனி பிய்ந்து வெளியே வந்துவிடும். காலர் அளவுக்கு வெட்டிய காகிதம் பறக்காமல் இருக்க அவள் அதன்மேல் வெள்ளை டெலிபோனைத் தூக்கி வைத்தாள். நல்ல கனம். கத்திரிக்கோலை எடுத்தாள், ஒரே வெட்டு, கீழே வைத்தாள்.

"இப்ப நீங்க."

எல்லாரும் குனிந்தார்கள். அப்போது மேசைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கிளிதான். வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

"அது என்ன மஞ்சளா மின்னுது?" என்றாள் ஒரு மாணவி, கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு.

"என் நாத்தனார்" என்றாள் கத்திரி. "நிக்கட்டும். காலர் திரும்பட்டும்."

விளக்கு விடாமல் மின்னியது. மச்சம் மட்டும் நிமிரவே இல்லை. கத்திரிக்கோலை வைத்தாள், காலரை உள்ளிருந்து திருப்பினாள், ஊசிமுனையால் மூலையை மெல்ல நெம்பி வெளியே எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, அதைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நுனி கூர்மையாக நின்றது.

கத்திரி நன்றாகப் பார்த்தாள். "அடுத்த மூலை" என்றாள். சொல்லிவிட்டுக் கதவைத் திறக்க எழுந்தாள்.